தலைமையும் செவியும்

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்த எல்லாள மன்னனின் பள்ளிக்கட்டிலின் தலைமாட்டில் மணியொன்று தொங்கியது என்றும், முறை வேண்டுவோர் இழுத்து அடிப்பதற்காக அதனோடு நீண்ட கயிறொன்று பிணைக்கப்பட்டிருந்தது என்றும் மகாவமிசம் கூறுகிறது. அந்நூல் எல்லாளனைப் புகழ்வதற்காக எழுந்ததன்று. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனுவையே அது தன் நாயகனாகக் கொண்டது. எனினும், பகைவனென்றும் நண்பனென்றும் பாராது நீதி வழங்கியவன் என அம்மன்னனைப் போற்றுமிடத்து, அவனுடைய படைவலியையோ கொடைத்திறத்தையோ அது முதன்மையாக எடுத்துரைக்கவில்லை. அவன் கேட்டான் என்பதையே கூறுகிறது. நள்ளிரவிலும் எழுப்பப்படுவதற்கு ஓர் அரசன் தானே ஏற்பாடு செய்து வைத்திருந்தான் என்னும் செய்தி, அவனுடைய எதிரியின் வரலாற்றாசிரியரையும் தலைவணங்கச் செய்தது.

திருவள்ளுவரும் இவ்வுண்மையை வேறொரு வகையில் வற்புறுத்துகிறார். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்பது பெயர். அது துறவியருக்கென வகுத்த பகுதியிலே இடம்பெறவில்லை. பொருட்பாலில், அரசியல் எனப்படும் பகுதியிலே, கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்ததாக அமைந்திருக்கிறது. ஆளுவோனுக்கு இன்றியமையாத பண்புகளுள் கேட்டலும் ஒன்று என்பது இதனாற் புலனாகும். அங்கே பேசப்படுவது கற்றறிந்தாரிடம் கேட்டுத் தெளிதல். ஆனால் இறைமாட்சி என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். செவிக்குக் கசப்பான சொற்களையும் பொறுத்துக்கொள்ளும் மன்னனின் குடைக்கீழேயே உலகம் தங்கும் என்பது அவர் கருத்து. அறிஞரின் இனிய மொழியைக் கேட்பது ஒன்று. ஆட்சியின் பிழையைச் சுட்டும் குடிமகனின் கசந்த மொழியைக் கேட்பது மற்றொன்று. முன்னது அறிவைத் தரும். பின்னது ஆட்சியைக் காக்கும்.

கேளாமையின் விளைவையும் தமிழர் நன்கறிவர். பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை வினவினானல்லன். கொலைக்கு ஆணை பிறந்தது. பின்னர்க் கண்ணகி வந்து வழக்குரைத்தபோது செவிசாய்த்தான். பிழையுணர்ந்து உயிரும் நீத்தான். அவனைக் கொடுங்கோலன் என்று இளங்கோவடிகள் பழிக்கவில்லை. அவன் செவி திறக்கத்தான் செய்தது. காலங் கடந்து திறந்தது என்பதே அவன் செய்த குற்றம்.

எல்லாளனின் மணிக்கும் ஒரு குறையுண்டு. கயிற்றை அணுகக்கூடியவனே அதை இழுக்க முடியும். தொலைவிலே வாழ்பவன், வழிச்செலவுக்குப் பொருளில்லாதவன், வாயிற்காவலனைக் கண்டு அஞ்சுபவன், இழுத்தால் ஊருக்குத் திரும்பியபின் தனக்கு என்ன நேருமோ என்று நடுங்குபவன் ஆகியோருக்கு அக்கயிறு எட்டாது. மணி ஒலிக்கவில்லையாதலால் நாட்டிலே குறையில்லை என்று முடிவு செய்யும் அரசன் பெருந்தவறு செய்கிறான். மிகுதியாகத் துன்புறுவோரே மிகுதியாக வாய்மூடியிருப்பர் என்பது அரசியலின் பழைய உண்மை. அவர்கள் வந்து சொல்லும்வரை காத்திராமல், கயிற்றின் முனையைத் தலைவனே அவர்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும். இதற்கு வரலாறு தரும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, 1917ஆம் ஆண்டில் இந்தியாவின் பீகார் மாகாணத்திலுள்ள சம்பாரண் மாவட்டத்தில் நிகழ்ந்தது.

சம்பாரண், இமயமலையின் அடிவாரத்தில் நேபாள எல்லையை ஒட்டிக் கிடக்கும் வளமான வயல்நாடு. அங்கே ஐரோப்பியத் துரைமார் பெருநிலக்கிழார்களிடமிருந்து கிராமங்களைக் குத்தகையாகப் பெற்று, நீலச்சாயத்துக்கான அவுரிப் பயிரைக் குடியானவர்களைக்கொண்டு பயிரிடுவித்தனர். ஒரு பீகா நிலம் 20 கத்தா கொண்டது. அந்த 20இல் 3 கத்தா நிலத்திலே குடியானவன் கட்டாயமாக அவுரி விதைத்தாக வேண்டும். இதனாலேயே இம்முறைக்குத் 'தீன்கத்தியா' என்று பெயர் வந்தது. எந்த நிலத்தில் விதைப்பது என்பதைத் துரையின் ஆட்களே தெரிவு செய்தனர். நல்ல நிலம் அவுரிக்குப் போயிற்று. குடியானவனின் நெல்லுக்கு எஞ்சியதே கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் இரசாயன முறையிலே நீலச்சாயம் செய்து விற்கத் தொடங்கினர். அவுரியின் விலை வீழ்ந்தது. அப்போது துரைமார் ஒரு சூழ்ச்சி செய்தனர். அவுரி விதைக்கும் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகக் கூறி, அதற்கு ஈடாக நிலவாரத்தைக் கூட்டி எழுதி வாங்கினர். சிலரிடம் பெருந்தொகையாகப் பணமே பெற்றனர். சந்தையிலே தமக்கு ஏற்பட்ட நட்டத்தை ஏழையின் தலையிலே இறக்கி வைத்தனர் என்பதே இதன் பொருள். இவற்றோடு சட்டத்துக்குப் புறம்பான பலவகை வரிகளும் குடியானவரிடம் அறவிடப்பட்டன.

இக்குறைகள் அரசாங்கத்தின் காதுக்கு எட்டாமலிருக்கவில்லை. 1908ஆம் ஆண்டளவில் அப்பகுதியிலே குழப்பம் மூண்டபோது, அரசாங்கம் ஓர் உயர் அதிகாரியை அனுப்பி விசாரித்தது. அவர் அறிக்கையும் எழுதினார். ஆனால் அவ்வறிக்கை பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. குடியானவரின் நிலையும் மாறவில்லை. காதிலே விழுவது வேறு, கேட்பது வேறு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை. கேட்டவன் கேட்டதற்கு விடை கூறக் கடமைப்பட்டவன். விடை பிறவாத விசாரணை, மக்களின் மனத்திலே இருந்த நம்பிக்கையையும் துடைத்துச் செல்லும்.

1916 டிசெம்பரில் லக்னோ நகரில் இந்தியத் தேசியக் காங்கிரஸ் மகாசபை கூடியது. சம்பாரணிலிருந்து வந்த இராஜகுமார் சுக்லா என்னும் குடியானவர் அங்கே தலைவர்களைத் தேடித் திரிந்தார். தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பி அதிக காலமாகாத காந்தியடிகளையும் கண்டு தம் மக்களின் துயரை எடுத்துரைத்தார். அவர்களுக்காக மகாசபையிலே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவருமாறு வேண்டினார். காந்தியடிகள் அதற்கு இணங்கவில்லை. நேரிற் காணாமல் ஒரு கருத்தும் கூற இயலாது என்று மறுத்துவிட்டார். தீர்மானத்தைப் பீகார் வழக்கறிஞர் பிரஜகிஷோர் பிரசாத் கொண்டுவந்தார்.

இந்த மறுப்பு கவனிக்கத்தக்கது. பெருங்கூட்டத்தில் எழுந்து சம்பாரணின் துயரை உருக்கமாகப் பேசுவது எளிது. கைதட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் சம்பாரண் என்னும் பெயரையே தாம் அதற்குமுன் கேட்டதில்லை என்றும், அவுரி பயிரிடப்படும் முறை தமக்குத் தெரியாதென்றும் காந்தியடிகள் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவிலேயே கேட்டல் தொடங்குகிறது. எல்லாம் அறிந்தவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் தலைவனிடம் எவரும் எதையும் சொல்ல முன்வரார்.

சுக்லா சோர்ந்துவிடவில்லை. கான்பூருக்கும் அகமதாபாத்துக்கும் பின்தொடர்ந்து சென்று வேண்டினார். ஈற்றில், 1917 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து அவர் காந்தியடிகளை அழைத்துக்கொண்டு 10ஆம் திகதி பாட்னாவை அடைந்தார். எழுத்தறிவு குறைந்த ஒரு குடியானவர் வழிகாட்ட, பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் பின்னே சென்றார். வழக்கமாக நடப்பதற்கு இது நேர்மாறானது. சம்பாரண் விசாரணையின் இயல்பை இத்தொடக்கமே காட்டிவிட்டது.

வழியிலே முசபர்பூரில் காந்தியடிகள் அப்பகுதி வழக்கறிஞர்களைச் சந்தித்தார். குடியானவருக்காக அவர்கள் வழக்காடி வந்தவர்களே. எனினும், அச்சத்தால் நசுக்குண்டு கிடக்கும் மக்களுக்கு நீதிமன்றங்களால் அதிக பயனில்லை என்றும், அச்சத்தைப் போக்குவதே முதல் மருந்து என்றும் அவர் கூறினார். அவர்களுடைய சட்ட அறிவு தமக்கு அதிகம் தேவைப்படாது என்றும், மக்கள் சொல்வதை எழுதுவோராகவும் மொழிபெயர்ப்போராகவும் அவர்கள் பணிசெய்ய வேண்டும் என்றும் வேண்டினார். அந்நாட்டு மக்களின் பேச்சு அவருக்கு எளிதில் விளங்கவில்லை. அவர்களுடைய பத்திரங்கள் எழுதப்பட்டிருந்த கைத்தி எழுத்தையும் உருது எழுத்தையும் அவரால் வாசிக்க முடியவில்லை. குடியானவன் தன் தாய்மொழியிலே, தனக்கு வந்தவாறு பேச வேண்டும், கேட்பவர்களே மொழியின் சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் கருத்து. ஆளுவோரின் மொழியைக் கற்றுக்கொண்டு வந்து முறையிடுமாறு குடிமகனைப் பணிப்பது, மணிக்கயிற்றை மேலும் உயரத் தூக்கிக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

துரைமார் சங்கத்தின் செயலாளரையும் பிரதேச ஆணையாளரையும் காந்தியடிகள் முதலிலேயே சென்று கண்டார். வெளியாருக்கு இங்கே அலுவல் இல்லை என்று செயலாளர் கூறினார். ஆணையாளரோ கடுமொழி பேசி, உடனே ஊரை விட்டகலுமாறு புத்தி சொன்னார். 15ஆம் திகதி காந்தியடிகள் மாவட்டத் தலைநகரான மோதிகாரியை அடைந்தார். மறுநாள், துன்புறுத்தப்பட்ட ஒரு குடியானவரைக் காண்பதற்காக யானைமீதேறிக் கிராமத்துக்குப் போகும் வழியிலே பொலிசார் அவரைத் திருப்பி அழைத்தனர். கிடைக்கும் அடுத்த புகையிரதத்திலே மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளை கையளிக்கப்பட்டது. அவர் அதற்குப் பணிய மறுத்தார்.

18ஆம் திகதி மோதிகாரி நீதிமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கான குடியானவர் திரண்டனர். துரையின் காவற்காரனைக் கண்டாலே ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள். காந்தியடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மக்களுக்கு உதவுமாறு தாம் அழைக்கப்பட்டதாகவும், அவர்களின் நிலையை ஆராய்ந்தறியாமல் உதவ இயலாதாகையால் அதனை அறியவே வந்ததாகவும், கூடுமாயின் அரசாங்கத்தினதும் துரைமாரினதும் உதவியோடு அறிய விரும்புவதாகவும் தெரிவித்தார். கட்டளையை மீறியமைக்குரிய தண்டனையை ஏற்கத் தயாராக நின்றார். நீதவான் தீர்ப்பை ஒத்திவைத்தார். சில நாட்களில் மாகாணத் துணைத் தேசாதிபதி எட்வர்ட் கெயிட்டின் உத்தரவினால் வழக்குக் கைவிடப்பட்டது. விசாரணைக்கும் அனுமதி கிடைத்தது. இந்திய மண்ணிலே காந்தியடிகள் நடத்திய முதலாவது சட்டமறுப்பு, பேசும் உரிமைக்காக எழுந்ததன்று. மக்களின் சொல்லைக் கேட்கும் உரிமைக்காக எழுந்தது.

பின்னர் மோதிகாரியிலும் பெத்தியாவிலும் வாக்குமூலங்கள் பதிவாகத் தொடங்கின. நாள்தோறும் கூட்டம் பெருகியது. ஏறக்குறைய 8,000 குடியானவரின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. அவை எழுதப்பட்ட முறையிலேதான் பெரும் பாடம் அடங்கியிருக்கிறது. ஒவ்வொருவரும் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். ஐயத்துக்கு இடமான கூற்றுகள் தள்ளப்பட்டன. இதனால் நேரம் மிகுதியாகச் செலவாயிற்று, ஆயினும் எஞ்சியவை எவராலும் மறுக்க முடியாதனவாயின. ஏழையின் சொல் என்பதற்காக எதையும் நம்பிவிடுவது இரக்கமாகலாம், கேள்வியாகாது. கேட்டதை ஆராய்ந்து மெய்யைத் தெளிபவனே ஏழைக்கு உண்மையான துணைவன். மிகைபடக் கூறிய ஒரு சொல், மெய்யாகக் கூறிய நூறு சொற்களையும் கெடுத்துவிடும்.

இரகசியப் பொலிசார் ஒருவர் எப்போதும் அங்கே வீற்றிருந்தார். அவரை விரட்ட எவரும் முயலவில்லை. மரியாதையோடு நடத்தி, வேண்டிய தகவல்களையும் கொடுத்தனர். அதன் பயன் எதிர்பாராதது. பொலிசாரின் முன்னிலையிலேயே பேசிப் பழகிய குடியானவரை விட்டு அச்சம் அகன்றது. பொலிசார் கேட்டுக்கொண்டிருப்பதால் மிகைபடப் பேசாத கட்டுப்பாடும் தானாக ஏற்பட்டது.

துரைமாரையும் காந்தியடிகள் கேளாது விட்டாரல்லர். கடுமையான குற்றச்சாட்டுக்கு ஆளானவர்களுக்குக் கடிதம் எழுதினார், நேரிலே சென்று கண்டார், அவர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்டறிந்தார். சிலர் அவமதித்தனர், சிலர் மரியாதையோடு வரவேற்றனர். பாண்டியன் செய்யத் தவறியதை இங்கே ஒரு குடிமகன் செய்து முடித்தார். ஒரு தரப்பின் சொல்லோடு நின்றுவிடும் செவி, அத்தரப்பு ஏழையினதாயினும், பாதிச் செவியே.

1917 யூனில் அரசாங்கம் பிராங் சிலை என்பவரைத் தலைவராகக் கொண்டு விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. காந்தியடிகளும் அதில் ஓர் உறுப்பினராகச் சேர்ந்தார். உறுப்பினராவதனால் தாம் குடியானவருக்காகப் பரிந்து பேசுவதை விட்டுவிடப் போவதில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்திருந்தார். ஒக்டோபரில் வெளிவந்த அறிக்கை ஒருமனதானது. கூட்டிய வாரம் குறைக்கப்பட்டது. பெருந்தொகையாக வாங்கிய பணத்தில் 25 வீதத்தைத் துரைமார் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 1918இல் நிறைவேறிய சம்பாரண் காணிச் சட்டம் தீன்கத்தியா முறையை ஒழித்தது. நூறாண்டளவாக நிலைத்திருந்த ஒரு கொடுமை ஓராண்டிலே சாய்ந்தது. 25 வீதம் போதாது என்று அன்றே குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் தம்மிடமிருந்து வாங்குவதையே அறிந்த துரை திருப்பிக் கொடுப்பதைக் குடியானவன் முதன்முறையாகக் கண்டான். தன் சொல்லுக்கு உலகிலே ஒரு மதிப்புண்டு என்பதை அவன் உணர்ந்துகொண்டான். பணத்தினும் பெரிதாக அவன் பெற்றது இதுவே.

கேட்டவர்களும் மாறினார்கள். சமையற்காரனும் பணியாளனும் இல்லாமல் வெளியூர் போகாத வழக்கறிஞர்கள் பொதுச் சமையலில் உண்டு, நாள் முழுதும் எழுத்துவேலை செய்தனர். அவர்களுள் ஒருவரான இராஜேந்திர பிரசாத் 1950இல் இந்தியாவின் முதலாவது குடியரசுத் தலைவரானார். நாட்டின் நிலையை நூல்களிலே மட்டும் படித்திருந்தவர்கள், அவ்வாண்டிலே அதனைக் குடியானவனின் வாயிலாகக் கற்றனர்.

எனினும், சம்பாரண் நிகழ்ச்சியைக் குறையற்ற கதையாகக் கூறுவதும் முறையன்று. நிலவுடைமை அமைப்பு முழுவதும் அதனால் மாறிவிடவில்லை. சொந்த நிலமே இல்லாத கூலியாட்களின் வாழ்வை அந்தச் சட்டம் பெரிதும் தொடவில்லை. வாரம் கொடுப்பவனுக்குத் தன் குறையைச் சொல்ல ஒரு பத்திரமாவது இருந்தது. கூலியாளுக்கு அதுவும் இல்லை. நீட்டிய கயிறும் எட்டாதவர்கள் இன்னும் கீழே இருந்தனர்.

இதனைக் காந்தியடிகளே ஒருமுறை உணர நேர்ந்தது. கிராமங்களிலே பள்ளிக்கூடங்களைத் திறந்து, சுகாதாரப் பணியும் செய்துவந்த காலத்தில், ஒரு சிற்றூரிலே சில பெண்கள் மிக அழுக்கான ஆடை அணிந்திருப்பதைக் கண்டார். ஏன் ஆடையைத் துவைப்பதில்லை என்று விசாரிக்குமாறு மனைவியார் கஸ்தூரிபாயிடம் கூறினார். கஸ்தூரிபாய் வினவியபோது ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். உள்ளே பெட்டியோ பேழையோ இல்லை. உடுத்திருக்கும் சேலை ஒன்றே தன்னிடம் உள்ளதென்றும், அதைத் துவைத்தால் எதை உடுப்பதென்றும் அவள் கேட்டாள். இன்னொரு சேலை கிடைக்குமானால் நாள்தோறும் குளித்துத் தூய ஆடை அணிவதாகவும் வாக்களித்தாள்.

8,000 பேரின் குறைகளைக் கேட்ட பிறகும், அந்தப் பெண்ணின் குறை கேட்கப்படாமலே இருந்தது. அவள் எந்த விசாரணைக்கும் வரவில்லை. எவரும் வினவாதிருந்தால் அவள் சொல்லியிருக்கவும் மாட்டாள். தூய்மையைப் பற்றிய அறிவுரை அவளுக்குத் தேவைப்படவில்லை, இன்னொரு சேலையே தேவைப்பட்டது. குடிசைக்குள் நுழைந்து பார்க்கும்வரை, உலகத்தின் மிக நல்ல தலைவருக்கும் அது தெரிய வழியில்லை.

இன்று தலைவர்களின் குரலை எடுத்துச் செல்லக் கருவிகள் பல உள்ளன. ஒரு நொடியில் நாடெங்கும் அவர்களுடைய பேச்சு ஒலிக்கிறது. மக்களின் குரலைத் தலைவர்களிடம் கொண்டுசெல்லும் வழிகளும் முன்னையினும் பெருகியே இருக்கின்றன. ஆயினும் உரக்கப் பேசுவோரும், கூட்டமாகப் பேசுவோரும், பேசத் தெரிந்தோருமே அவ்வழிகளில் முந்தி நிற்கின்றனர். ஒரு தலைவனிடம் வந்துசேரும் முறைப்பாடுகளின் தொகையைக்கொண்டு அவன் ஆட்சியை அளப்பது போதாது. முறையிட வராதவர் யாவர், அவர்கள் ஏன் வரவில்லை என்று அவன் எத்தனை முறை தேடிச் சென்றான் என்பதே அளவுகோலாக வேண்டும். எல்லாளனின் மணி போற்றத்தக்கது. அது ஒலியாத இரவுகளில் எழுந்து, கயிற்றின் மறுமுனை எங்கே கிடக்கிறது, அதனை எட்ட மாட்டாதவர் யாவர் என்று பார்த்துவருவதும் ஆளுவோனின் கடமையாகும்.